மவுண்ட்பேட்டன்: கண்டியில் இருந்து நடத்திய போரும் செல்லாமற்போன காசும்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் பழைய நாணயங்கள் விற்கும் ஒருவரிடம் இரண்டு ஐந்து சதக் குற்றிகளை வாங்கினேன். இரண்டும் மூலை வளைந்த சதுரக் குற்றிகள். இரண்டிலும் முடி தரித்த ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை இருக்கிறது. ஒன்றில் 1943 என்றும் மற்றதில் 1944 என்றும் ஆண்டு பொறித்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 1944ஆம் ஆண்டுக் குற்றி மெல்லியது. ஒரே பெறுமதி, ஒரே படம், உலோகம் மட்டும் குறைவு.

எந்த ஊர் என்று கடைக்காரர் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கிருந்து வருபவர்கள் இந்தக் குற்றிகளைக் கேட்பதில்லை, மலாயாக் காசு இருந்தால் விற்கத்தான் கொண்டு வருவார்கள் என்றார். அவர் சொன்னதைக் கேட்டதும் எங்கள் வீட்டு றங்குப்பெட்டி ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1944ஆம் ஆண்டு ஏப்ரலில், இந்த மெல்லிய குற்றி வெளிவந்த அதே ஆண்டில், ஒரு பிரித்தானியக் கடற்படைத் தளபதி கடலே இல்லாத கண்டிக்கு வந்து குடியேறினார். பர்மா, மலாயா, சுமாத்திரா என்று நீண்ட ஒரு போர்முனைக்கு அவர்தான் உச்சத் தளபதி. பெயர் லூயி மவுண்ட்பேட்டன். இந்தியாவைப் பிரித்துக் கொடுத்த கடைசி வைஸ்ராய் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் நடத்திய போர், மகாவலி வளைந்து ஓடும் பேராதனையில் இருந்து நடந்தது. அந்தப் போரின் கணக்கில் எங்கள் வீட்டுக் காசும் இருக்கிறது.

போர் உருக்கிய உலோகங்கள்

போர் வந்தால் முதலில் அரிசி விலை ஏறும் என்பது நமக்குத் தெரியும். நாணயத்தின் உலோகமும் மாறும் என்பதை நான் இந்தக் குற்றிகளைத் தேடத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன்.

துப்பாக்கி ரவைக் கோதுக்கும் செல் கோதுக்கும் செம்பு வேண்டும். கவச உருக்குக்கு நிக்கல் வேண்டும். வெண்கலத்துக்கு வெள்ளீயம் வேண்டும். உலகின் வெள்ளீயத்தில் பெரும்பங்கைத் தந்த மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் 1942இன் தொடக்கத்தில் ஜப்பானியர் கையில் விழுந்தன. ஆகவே சட்டைப்பைக் காசுக்கும் பீரங்கிக்கும் போட்டி வந்தது. காசு தோற்றது.

இலங்கையில் அந்த மாற்றத்தை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், வெள்ளிக் குற்றிகளில் வெள்ளியின் அளவு ஆயிரத்தில் 800 பங்கில் இருந்து 550 பங்காகக் குறைந்திருந்தது. இரண்டாம் போரில் வெள்ளியே இல்லாமற் போனது. 50 சதக் குற்றி 1942இல் வெள்ளி. 1943இல் அது நிக்கல் கலந்த பித்தளை. 25 சதமும் அதே ஆண்டில் பித்தளையானது. ஐந்து சதம் 1942இலேயே மாறிவிட்டது. ஒரு சதம் வெண்கலமாகவே இருந்தாலும் தடிப்புக் குறைந்து மெலிந்தது. 1944இல் பூவிளிம்பு வெட்டிய இரண்டு சதமும் பத்துச் சதமும் பித்தளையில் வந்தன.

உலோகம் போதாத 1942இல் அரசாங்கம் சதங்களைத் தாளிலும் அச்சடித்தது. ஐம்பது சதத் தாள், இருபத்தைந்து சதத் தாள், பத்துச் சதத் தாள் எல்லாம் வந்தன. ஐந்து சதத் தாள் ஒன்று இன்னும் விசித்திரமானது. முத்திரைத் தாள் போல நடுவில் துளைக்கோடு போட்டிருப்பார்கள். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். கிழித்த துண்டும் செல்லும்.

மற்ற நாடுகள் இன்னும் தூரம் போயின. இந்தியாவில் 1943 முதல் காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை போட்டு உலோகம் மிச்சம் பிடித்தார்கள். அமெரிக்க நாணயச்சாலை 1942இல் தனியார் நிறுவனங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. ஒரு சதத்தைப் பிளாஸ்டிக்கில் அடித்துப் பாருங்கள், அழுத்திய நாரில் அடித்துப் பாருங்கள், கண்ணாடியில்கூட வார்த்துப் பாருங்கள் என்று கேட்டது. கடைசியில் 1943இல் துத்தநாகம் பூசிய உருக்குச் சதம் புழக்கத்துக்கு வந்தது. அது வெள்ளிக் காசு போலத் தெரிந்ததால் மக்கள் ஏமாந்தார்கள், துருவும் பிடித்தது. அடுத்த ஆண்டில் இருந்து வெடித்த ரவைக் கோதுகளை உருக்கிச் சதம் அடித்தார்கள். ஜப்பான் போரின் கடைசி மாதங்களில் களிமண்ணைச் சுட்டுப் பீங்கான் காசு செய்தது. அவை புழக்கத்துக்கு வருவதற்குள் போர் முடிந்தது. செய்தவற்றில் பெரும்பகுதியை அவர்களே நொறுக்கினார்கள்.

இப்படிப் பரீட்சித்துப் பார்க்க அடிக்கும் காசை மாதிரி நாணயம் என்பார்கள். அது கடைக்குப் போகாது, ஒருவருடைய சம்பளமாகவும் ஆகாது. அதனாலேயே பின்னாளில் அதற்கு விலை கூடும். அந்த 1942ஆம் ஆண்டுக் கண்ணாடிச் சதம் ஒன்று 2017இல் ஏலத்தில் 70,500 டொலருக்குப் போனது. மக்கள் கையில் புழங்கிய காசுக்கு இந்த யோகம் கிடைப்பதில்லை.

மவுண்ட்பேட்டனின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு இந்த மாதிரி நாணயங்கள்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்தன. அவர் பரீட்சித்துப் பார்க்க அஞ்சாத மனிதர். சில பரீட்சைகளில் நட்டம் தாளோடு முடிந்தது. வேறு சிலவற்றின் நட்டத்தை முன்பின் தெரியாத மக்கள் சுமந்தார்கள்.

பெயரையே மாற்றி அச்சிட்ட குடும்பம்

அவர் பிறந்தது 1900 யூன் 25, இங்கிலாந்தின் வின்ட்சரில். விக்டோரியா மகாராணியின் பூட்டப்பிள்ளை. பிறக்கும்போது அவர் மவுண்ட்பேட்டன் இல்லை. பாட்டன்பேர்க் இளவரசர். தந்தை லூயி ஜேர்மன் வம்ச இளவரசர். ஆனால் சிறுவயதிலேயே பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1912இல் அதன் தலைமைப் பதவிக்கு வந்தவர்.

1914இல் போர் தொடங்கியது. எதிரி ஜேர்மனி. பெயரில் ஜேர்மனி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர் கடற்படைக்குத் தலைமை தாங்குவதா என்று பத்திரிகைகளும் பொதுமக்களும் கொதித்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் சேவை செய்த மனிதர் அந்த ஒக்டோபரில் பதவி விலக வேண்டியதாயிற்று. அப்போது மகனுக்கு 14 வயது. கடற்படைப் பயிற்சிப் பாடசாலையில் இருந்தார். 1917இல் அரச குடும்பமே தன் ஜேர்மன் பெயரை விட்டு வின்ட்சர் ஆனபோது, பாட்டன்பேர்க் குடும்பமும் மவுண்ட்பேட்டன் ஆனது. ஜேர்மன் மொழியில் மலையைக் குறிக்கும் பேர்க் என்ற பகுதியை ஆங்கிலத்தில் மவுண்ட் என்று மாற்றி முன்னுக்கு வைத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

பிறப்பையும் பெயரையும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியவர்களுக்கு அது தெரியும். வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்துக்குப் பெயரை மாற்றிக்கொண்டு அதே மாளிகையில் இருக்க வழி இருந்தது. தந்தை இழந்த பதவியைத் தான் ஒருநாள் பிடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் மகனுக்கு இருந்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1955இல் அவர் அதைப் பிடித்தார்.

பனிக்கட்டிக் கப்பல்

இரண்டாம் போர் தொடங்கியபோது அவர் கெலி என்ற நாசகாரிக் கப்பலின் கப்டன். 1941 மே 23இல் கிரீட் தீவுக்கு அப்பால் ஜேர்மன் விமானங்கள் அதை மூழ்கடித்தன. மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர் நீந்தித் தப்பினார். அந்தக் கப்பலின் கதையைத் தழுவி அடுத்த ஆண்டே திரைப்படம் வந்தது. தோல்வியில் இருந்தும் புகழோடு மேலே வரும் திறமை அவருக்கு இருந்தது.

சேர்ச்சில் அவரைக் கூட்டு நடவடிக்கைகளின் தலைவராக்கினார். எதிரியின் கரையில் தரையிறங்குவது எப்படி என்று திட்டமிடும் பதவி அது. அதில் முதல் பெரிய பரீட்சை 1942 ஓகஸ்ட் 19இல் பிரான்சின் டியெப் துறைமுகத்தில் நடந்தது. ஏறக்குறைய 5,000 கனேடியப் படையினர் தரையிறங்கப் போனார்கள். 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதைவிடக் கூடுதலானோர் சிறைபிடிபட்டார்கள். அங்கே படித்த பாடம்தான் பின்னாளில் நோர்மண்டியில் உதவியது என்று மவுண்ட்பேட்டன் கடைசிவரை வாதாடினார். அந்தக் கனேடியக் குடும்பங்கள் பல அதை ஏற்கவில்லை.

இன்னொரு பரீட்சையில் உயிர் போகவில்லை. உருக்குத் தட்டுப்பாடான காலம். அத்திலாந்திக் கடலின் நடுவில் விமானம் இறங்கப் பனிக்கட்டியாலேயே கப்பல் கட்டலாம் என்று ஜெப்ரி பைக் என்பவர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். தண்ணீரில் மரக்கூழைக் கலந்து உறையவைத்தால் அது இலகுவில் உடையாது, மெதுவாகத்தான் உருகும். மவுண்ட்பேட்டன் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 600 மீற்றர் நீளக் கப்பலுக்குத் திட்டம் போட்டார்கள். கனடாவின் பற்றீசியா ஏரியில் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். 1943 ஓகஸ்டில் கியூபெக்கில் நேசநாட்டுத் தளபதிகள் கூடியிருந்த இடத்துக்கு அவர் இரண்டு கட்டிகளைக் கொண்டுபோய்த் துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார். சாதாரணப் பனிக்கட்டி நொறுங்கியது. மரக்கூழ்க் கட்டியில் பட்ட ரவை தெறித்துப் பறந்தது. ஆனால் கப்பல் கடைசிவரை வரவில்லை. மாதிரியின் மிச்சங்கள் இன்னும் அந்த ஏரியின் அடியில் கிடக்கின்றன.

அதே கியூபெக் மாநாட்டில்தான் அவரைத் தென்கிழக்காசியாவின் உச்சத் தளபதியாக்க முடிவானது. அப்போது வயது 43.

பூங்காவுக்குள் தலைமையகம்

தலைமையகம் முதலில் டெல்லியில் இருந்தது. அங்கே ஏற்கனவே இருந்த இந்தியப் படைத் தலைமையின் நிழலில் இருக்க அவருக்கு விருப்பமில்லை. 1944 ஏப்ரலில் கண்டிக்கு மாற்றினார். தான் தங்குவதற்கு ஆளுநரின் கண்டி மாளிகையான கிங்ஸ் பவிலியனை எடுத்துக்கொண்டார். இப்போது அது ஜனாதிபதி மாளிகை. அலுவலகங்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குள் எழுந்தன. கிடுகாலும் பலகையாலும் கட்டிய நீண்ட கொட்டில்கள், தொலைபேசிக் கம்பிகள், வரைபட அறைகள் எல்லாம் மரங்களுக்கிடையில் வந்தன. ஆயிரக்கணக்கான அதிகாரிகளும் எழுதுவினைஞர்களும் வந்து குவிந்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையல் எழுத்தாளரான ஜூலியா சைல்ட்டும் இங்கேதான், உளவுத் துறைப் பதிவேடுகளைப் பார்க்கும் வேலையில் இருந்தார்.

நான் பூங்காவுக்குப் போன நாளில் பாடசாலைப் பிள்ளைகள் பெரிய புல்வெளியில் உள்ள ஜாவா அத்திமரத்தின் வேர்களில் ஏறி விளையாடினார்கள். கொட்டில்கள் இருந்த அடையாளத்தை என்னால் காண முடியவில்லை. ஜோடிகள் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போரின் தலைமையகம் இவ்வளவு சுத்தமாக அழிய முடியுமா என்று நினைத்தபடி ஆற்றோரம் நடந்தேன்.

அவர் வந்த நேரத்தில் இம்பாலிலும் கொகிமாவிலும் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது. போர்முனைக்கும் தலைமையகத்துக்கும் இடையில் வங்கக் கடலே கிடந்தது. மலேரியாவோடும் மழையோடும் சண்டையிட்டது ஜெனரல் சிலிமின் 14ஆவது இராணுவம். அதில் பெரும்பாலோர் இந்தியர், ஆபிரிக்கர். கண்டியில் இருந்தவர்களைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. ஆனாலும் மவுண்ட்பேட்டன் விமானத்தில் அடிக்கடி முன்னரங்குக்குப் போனார், பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று படையினரோடு பேசினார், மழைக்காலத்திலும் சண்டை நிற்காது என்ற முடிவில் உறுதியாக நின்றார், மலேரியா ஒழிப்புக்கு முதலிடம் கொடுத்தார். அதில் அவருடைய பங்கை மறுக்க முடியாது.

அவர் பெரிதும் விரும்பியது கடல்வழித் தாக்குதலைத்தான். அந்தமானில் இறங்கும் திட்டம் அவர் டெல்லியில் இருந்தபோதே, 1943 டிசம்பரில் கைவிடப்பட்டது. சுமாத்திராவில் இறங்கும் திட்டமும் நடக்கவில்லை. தரையிறங்கு படகுகள் எல்லாம் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டன. வரைபடம் போட்டு, கணக்குப் பார்த்து, பெயரும் வைத்து, கடைசியில் கோப்புக்குள் போன திட்டங்கள் பல. ரங்கூன் 1945 மே 3இல் திரும்பக் கைக்கு வந்தது. மலாயாவில் இறங்கும் திட்டம் செப்டம்பருக்குத் தயாரானது. அதற்குள் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்து ஜப்பான் சரணடைந்துவிட்டது. செப்டம்பர் 9இல் படைகள் எதிர்ப்பில்லாமல் மொரிப் கடற்கரையில் இறங்கின. எதிர்ப்பே இல்லாத அந்தக் கரையிலும் வாகனங்கள் சேற்றில் புதைந்தன. சண்டை நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பின்னர் பலர் எழுதினார்கள்.

பூங்காவுக்கு வெளியில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பர்மா விழுந்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. கூப்பன் வந்தது. கோதுமை மாவும் பாணும் இலங்கையரின் சாப்பாட்டுக்குள் ஆழமாக நுழைந்தது அந்தக் காலத்தில்தான். மலாயா போனதால் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் பெரிய இடமாக இலங்கை ஆனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுக்கும் முறையை அரசாங்கமே ஊக்குவித்தது. கண்டியைச் சுற்றிய மலைகளில் தேயிலை பறித்தவர்களும், மாத்தளைப் பக்கம் இறப்பர் வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர். அவர்களுடைய கூலி நான் வாங்கிய இந்த மெல்லிய பித்தளைக் குற்றிகளாகத்தான் கைக்கு வந்தது. குற்றியில் சிங்களத்தோடு தமிழிலும் பெறுமதி எழுதியிருக்கிறது. போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. காசில் இருந்த தமிழுக்கு இருந்த செல்லுபடி, அதைக் கையில் வைத்திருந்த மனிதருக்கு இருக்கவில்லை.

வாழைமரத் தாள்கள்

இனி அந்த றங்குப்பெட்டிக்கு வருகிறேன்.

என் அப்பப்பா கோலாலம்பூரில் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பலவற்றுக்கு அத்திவாரம் மலாயாக் காசுதான். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பின் மூன்றரை ஆண்டு அவருக்குச் சம்பளம் ஜப்பானிய டொலர்த் தாளில் வந்தது. பத்து டொலர்த் தாளில் வாழைமரம் இருந்ததால் சனம் அதை வாழைமரக் காசு என்றது. முதலில் தொடர் இலக்கத்தோடு வந்த தாள், போகப்போக இலக்கமே இல்லாமல் மூட்டை மூட்டையாக அச்சாகியது. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. அப்பப்பா பாதியைச் செலவழித்து மீதியைச் சேர்த்தார். சேர்ப்பது அவர் பழக்கம்.

1945 செப்டம்பர் 12இல் சிங்கப்பூர் நகரசபைக் கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் வெள்ளைச் சீருடையில் நின்று ஜப்பானியரின் சரணடைதலை ஏற்றார். கண்டியில் போட்ட திட்டங்களோடு பிரித்தானிய இராணுவ நிர்வாகம் அவருடைய அதிகாரத்தின் கீழ் மலாயாவைப் பொறுப்பெடுத்தது. புதிய தாள்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவற்றில் 1941 யூலை 1 என்ற திகதி இருந்தது. நடுவில் போன ஆண்டுகள் நடக்கவே இல்லை என்பது போல. ஜப்பானியத் தாள் இனிச் செல்லாது, மாற்றியும் தர முடியாது என்று அறிவித்தார்கள்.

பொருளாதாரக் கணக்கில் அந்த முடிவுக்கு நியாயம் இருக்கலாம். எதிரி கணக்கில்லாமல் அச்சடித்த தாளை எந்த அரசாங்கமும் மாற்றிக் கொடுக்காது. ஆனால் உழைத்த ஆண்டுகளுக்கு யாரும் பொறுப்பெடுக்கவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களில் இருந்து பல பத்தாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று சரியான கணக்குக்கூட இல்லை. உயிரோடு திரும்பியவர்களின் மடியில் இருந்ததும் அதே வாழைமரத் தாள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் இருந்தது. 1945 யூலை 8இல் சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் வைத்தார். அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மவுண்ட்பேட்டனின் படைகள் வந்த சில நாட்களிலேயே அந்தத் தூணை வெடிவைத்துத் தகர்த்தன. பர்மாவில் ஜப்பானியரோடு நின்று பின்பு அவர்களை எதிர்த்துத் திரும்பிய ஆங் சானோடு பெருந்தன்மையாக நடந்துகொண்ட அதே தளபதியின் கட்டளைப் பரப்பில்தான் இது நடந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் ஒரு நினைவுப் பலகையை வைத்தது. இறந்தவர்களின் நினைவிடத்தைப் புல்டோசரால் உழுததைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பப்பா சில ஆண்டில் ஊருக்குத் திரும்பினார். கொண்டுவந்த பிஸ்கற் பேணி ஒன்றில் வாழைமரத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எறிய அவருக்கு மனமில்லை. என்றாவது ஒருநாள் மாற்றித் தருவார்கள் என்று நம்பினாராம். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

டெல்லியில் ஒரு கோடு

கண்டித் தலைமையகம் 1945 நவம்பரில் சிங்கப்பூருக்குப் போனது. 1947 மார்ச்சில் மவுண்ட்பேட்டன் டெல்லியில் வைஸ்ராயாகப் பதவியேற்றார். இலண்டன் அவருக்குக் கொடுத்த கெடு 1948 யூன். அவர் அதை 1947 ஓகஸ்ட் 15க்கு முன்னே இழுத்தார். தன் எதிரி ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, 17ஆம் திகதிதான் வெளியானது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பல இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். தாமதித்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது அவர் பக்கத்து வாதம். அவசரம்தான் கொன்றது என்பது மறுபக்கத்து வாதம். வண்டிலில் சாமான் ஏற்றியவர்களிடம் இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

அங்கேயும் காசு கதை சொல்கிறது. பாகிஸ்தானுக்குச் சொந்தத் தாள் இன்னும் தயாராகவில்லை. 1948 ஏப்ரல் முதல் இந்திய ரூபாத் தாளிலேயே பாகிஸ்தான் அரசாங்கம் என்று மேலச்சடித்துப் புழங்கினார்கள்.

கடைசிப் படகு

பின்னர் அவர் கடற்படைத் தலைமையையும், அதற்கு மேல் பாதுகாப்புப் படைகளின் தலைமையையும் வகித்து 1965இல் ஓய்வுபெற்றார். கோடையில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் முல்லாக்மோர் என்ற மீனவக் கிராமத்துக்குப் போவது வழக்கம். 1979 ஓகஸ்ட் 27இல், நண்டுக்கூடு இழுக்கப் போன அவருடைய சிறிய படகில் ஐரிஷ் குடியரசு இராணுவம் வைத்த குண்டு வெடித்தது. வயது 79. அவரோடு 14 வயதுப் பேரனும், படகில் உதவிக்கு நின்ற 15 வயது உள்ளூர்ப் பையனும் இறந்தார்கள். மருமகனின் தாயார் மறுநாள் இறந்தார். பேரரசின் பெயரால் எத்தனையோ கரைகளில் தரையிறங்கத் திட்டமிட்டவர், விடுமுறைக்குப் போன கரையில் இறந்தார். அந்தப் பிள்ளைகள் எந்தப் பேரரசுக்கும் பொறுப்பானவர்கள் இல்லை.

கண்டியில் இரண்டாம் போரில் இறந்தவர்களின் மயானம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 200 கல்லறைகள். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், எதிரிப் பக்கத்தில் நின்ற இத்தாலியர்கூட அங்கே அருகருகே கிடக்கிறார்கள். புல் ஒரே உயரத்தில் வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர் தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவு காலம் கழித்தும் இறந்தவரின் பெயரை இப்படிக் காக்க முடியும் என்பதை அங்கே நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடுதான் வெளியே வந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது எனக்கு ஆறு வயது. கைதடிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நின்றது மங்கலாக ஞாபகம். அப்பம்மா தன் பையில் உறுதி, இரண்டு சேலை, அந்தப் பிஸ்கற் பேணி ஆகியவற்றை எடுத்து வந்திருந்தார். செல்லாத காசை எதற்குச் சுமக்கிறாய் என்று அப்பா கோபித்தார். அது காசு இல்லை, உன்ர அப்பாவின்ர மூன்றரை வருசம் என்ற மாதிரி அவர் ஏதோ சொன்னார் என்று அம்மா பின்னாளில் சொல்வார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பேணி எங்களோடு திரும்பி வந்தது.

அந்தத் தாள்களுக்கு என்ன விலை வரும் என்று கண்டிக் கடைக்காரரிடம் கேட்டேன். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு ரூபா என்றார். உலகம் முழுக்கக் கிடைக்கிறது, அவ்வளவு அச்சடித்துவிட்டார்கள் என்றார். ஒருவர் கையிலும் புழங்காத கண்ணாடிச் சதத்துக்கு 70,500 டொலர். ஆயிரம் பேர் உழைப்பில் புழங்கிய தாளுக்குச் சில நூறு ரூபா. சந்தையின் கணக்கு அப்படித்தான். அந்தக் கணக்கில் நாம் சேர்த்தி இல்லை.

நான் வாங்கிய இரண்டு ஐந்து சதக் குற்றிகளையும் அந்தப் பேணிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கூடவே ஒரு தாளில் அப்பப்பாவின் பெயர், வேலை, எந்த ஆண்டில் இருந்து எந்த ஆண்டுவரை அந்தச் சம்பளம், யார் சுமந்து வந்தார் என்று எழுதி வைத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படிச் செல்லாத காசு இருக்கக்கூடும். மலாயாத் தாளாக இருக்கலாம், பழைய வங்கிப் புத்தகமாக இருக்கலாம், அடகுக்கடைத் துண்டாக இருக்கலாம். விற்க வேண்டாம், எறியவும் வேண்டாம். அது யாருடைய உழைப்பு என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டில் எழதி அதோடு வையுங்கள்.